துணியும் துணிக்கையும்



ஐயாயிரம் பேர் புசித்துத் திருப்தியடைந்த அந்த மாலையில் ஆண்டவர் தம் சீஷர்களுக்குக் கொடுத்த கடைசி வேலை, புல்லின்மேல் கிடந்த மிச்சத்தைப் பொறுக்குவது. பன்னிரண்டு கூடைகளை நான்கு சுவிசேஷகரும் குறிப்பிடுகிறார்கள். ஒன்றும் வீணாகக் கூடாது என்று அவரே கட்டளையிட்டதை யோவான் மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அந்த மிச்சத்துக்கு இட்ட பெயர் 'துணிக்கை'. துணித்தல் என்றால் வெட்டுதல், வெட்டப்பட்டது துணி. நாம் உடுத்துகிற துணிக்கும், அன்று கூடையில் சேர்ந்த அப்பத் துணிக்கைக்கும் தமிழில் வேர் ஒன்றே. திருப்பூரில் ஊழியம் செய்கிற ஒருவன் இந்தச் சொல்லை எளிதில் கடந்துபோக முடியாது.

இவ்வாரம் இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சென்ற ஆண்டு நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், மீந்த காகிதத்தையும் பனியன் துணித் துண்டுகளையும் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் செய்து, அறுப்பின் பண்டிகையில் விற்று, அந்தத் தொகையை மிஷனரிப் பணிக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். நானும் மிகுந்த உற்சாகத்தோடு அதை அறிவித்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கம்பெனிகளில் பிசிறு வெட்டிக் கண்பார்வை மங்கியவர். தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஐயா, இது கூலிக்குங்களா, ஊழியத்துக்குங்களா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "ஜெபித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். பதில் தெரியாத நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் சொல்லும் வாக்கியம் அது என்பதை நீங்களும் அறிவீர்கள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் காகிதத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் நம் ஊரின் துணிக்கைகளைப் பார்ப்போம். கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காய் விரித்து, அட்டை அளவை வைத்து வெட்டும்போது, கழுத்து வளைவும் கைவளைவும் விழுந்த இடங்களில் பிறைபோன்ற துண்டுகள் மிஞ்சுகின்றன. எவ்வளவு கெட்டிக்காரக் கட்டிங் மாஸ்டரானாலும் வட்டத்தையும் வளைவையும் வெட்டிவிட்டு மிச்சமில்லாமல் முடிக்க முடியாது. இந்த மிச்சத்துக்கு நம் ஊரில் தனி வணிகமே உண்டு. மூட்டைகளாய்க் கோடவுனுக்குப் போய், அங்கே பெண்கள் தரையில் அமர்ந்து வெள்ளை வேறு, சாயத்துணி வேறு, லைக்ரா கலந்தது வேறு என்று பிரிக்கிறார்கள். ஒரு பகுதி கிழிக்கப்பட்டு மறுபடி பஞ்சாகி, ஓபன் எண்ட் ஆலையில் நூலாகிறது. ஒரு பகுதி இயந்திரம் துடைக்கிற துணியாகிறது; ஒரு பகுதி கால்மிதியாகிறது. கலப்பில்லாத வெள்ளைப் பருத்தித் துண்டில் ஒரு பங்கு, கைக்காகிதம் செய்கிறவர்களிடம் போகிறது. நான் பேச வந்தது அந்தக் கடைசிப் பங்கைப் பற்றி.

துணியிலிருந்து காகிதமா என்று இளையோர் சிலர் வியந்து கேட்கிறார்கள். உண்மையில் மரத்திலிருந்து காகிதம் வந்ததுதான் புதுமை. சீன அரண்மனையின் அதிகாரி சாய் லுன் கி.பி. 105இல் பேரரசருக்கு அறிவித்த முறையில் மரப்பட்டையோடு கந்தைத்துணியும் பழைய மீன்வலையும் சேர்ந்தே கூழாயின. அந்தக் கலை அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது, அங்கே கந்தையே முழுமுதற் பொருளாயிற்று. தெருத்தெருவாய்க் கந்தை பொறுக்குகிறவர்கள் இல்லாவிட்டால் காகிதம் இல்லை. கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த வேதாகமப் பிரதிகளில் சில தோலில் அச்சானவை, பெரும்பாலானவை காகிதத்தில். அந்தக் காகிதம் யாரோ உடுத்திக் கிழிந்த சணல்நார்த் துணி. சீர்திருத்த காலத்தில் வேதம் ஏழையின் வீட்டுக்குள் வந்தது என்று பிரசங்கிக்கிறோம். அதே ஏழையின் கந்தையின்மேல் ஏறித்தான் அது வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

தமிழ் வேதாகமத்தின் கதையும் மிச்சங்களோடு பின்னப்பட்டதே. சீகன்பால்க் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. ஆனால் அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் போதவே போதாது. கடல்கடந்து வரும் காகிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அச்சுக்கலைஞர் ஆட்லர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கத் துணிந்தார். ஈயம் எங்கே? இங்கிலாந்திலிருந்து மிஷனரிகளுக்கு வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள். உணவு தீர்ந்தபின் எறியப்பட வேண்டிய உறையிலிருந்து அகரமும் ஆகாரமும் பிறந்தன. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. காகிதப் பஞ்சம் தீர அருகிலிருந்த பொறையாரில் ஒரு காகித ஆலையையும் தொடங்கினார்கள். அந்த ஆலை பெரிதாய் வளரவில்லை. இருந்தாலும், தமிழ் நாட்டில் சபை எழுப்பியவற்றுள் ஒரு காகித ஆலையும் உண்டு என்பது எனக்கு இறையியல் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாள்கள் பெருகின, கந்தை போதவில்லை. 1844இல் ஜெர்மானியரான கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். அதன்பின் காகிதம் மலிந்தது. ஆனால் ஆயுள் குறைந்தது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. அமிலம் சேர்ந்து தாள் நொறுங்குகிறது. பருத்தி இழையோ 90 விழுக்காட்டுக்கு மேல் தூய செல்லுலோஸ். அதனால்தான் முந்நூறு ஆண்டுப் புத்தகத்தின் தாள் இன்றும் வளைகிறது. என் தகப்பனார் காலத்துப் பாட்டுப்புத்தகம் தொட்டால் உதிர்கிறது. பழைமை எல்லாம் மேல் என்று வாதாட நான் வரவில்லை. மலிந்த காகிதம் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளில் பலருக்குப் பாடப்புத்தகமே இருந்திராது.

இந்த இடத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நம் சபைகளில் அவர் பெயரைக் கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின? ஜே.சி. குமரப்பா, 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஜோசப் செல்லத்துரை கார்னேலியஸ் என்பது இயற்பெயர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தொழில், பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பொருளியல். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர், 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அத்தோடு மேல்நாட்டு உடையும் ஊதியமும் போயின. சட்டமறுப்பைக் கண்டித்த இந்தியத் திருச்சபையின் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டுக்கு, இயேசுவின் போதனையையே எடுத்துக்காட்டி மறுப்பு எழுதியவர் இவர். சபை இவரைக் கொண்டாடாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு.

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு அங்கே கைக்காகிதமும் ஒரு தொழில். ஆலைக்காகிதம் வந்தபின் நசிந்துபோயிருந்த அந்தக் கலையை, கந்தையையும் கழிவையும் கொண்டு மீட்டெடுக்க முயன்றார்கள். இன்று ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்கு அருகே, பல தலைமுறைகளாகக் காகிதம் செய்யும் காகஸி மக்கள் வாழும் சாங்கானேரில், கைக்காகிதத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயரில் குமரப்பா இருக்கிறார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர் ஒருவரின் பெயர் அங்கே காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது எப்படி என்று அவ்வழியே போகும் தமிழரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ, தெரியவில்லை.

நம் ஊருக்கும் அந்த இயக்கத்துக்கும் உறவு உண்டு. இன்று பனியன் ஊர் என்று பெயர்பெற்ற திருப்பூர், அன்று கதர் ஊர். அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இவ்வூரே தலைமையிடம். கொடியைக் கையில் ஏந்தியபடி அடிபட்ட குமரன், 1932 ஜனவரி 11ஆம் நாள் உயிர்நீத்ததும் இங்கேதான். கதரும் பனியனும் இங்கே ஒரே காலத்தில் வளர்ந்தன; பிறகு பனியன் வென்றது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் கைக்காகிதப் பட்டறை தொடங்கினார்கள். அங்கும் பிற இடங்களிலும் கைக்காகிதத்துக்கு மூலப்பொருள் பனியன் வெட்டுத்துணி. நம் கட்டிங் மேசையில் விழுந்த பிறைத்துண்டு இப்படித்தான் வாழ்த்து அட்டையாகிறது.

அந்த வேலையை விவரிக்காமல் விட மனம் வரவில்லை. துண்டுகளைப் பிரித்து, தையல் நூல், ரப்பர் இழை முதலியவற்றை நீக்கி, விரலளவாய் நறுக்குகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கண்டுபிடித்த அதே வகை அரைக்கும் தொட்டியில், தண்ணீரோடு மணிக்கணக்கில் அரைத்தால் துணி தன் நெசவையும் பின்னலையும் மறந்து கூழாகிறது. சல்லடைச் சட்டத்தை அந்தக் கூழ்நீரில் முக்கி, சமனாய்த் தூக்கி, இருபுறமும் ஓர் அசைவு கொடுக்க வேண்டும். தண்ணீர் வடிகிறது, இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஈரத்தாளைத் துணியின்மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, நிழலில் உலர்த்துகிறார்கள். மஞ்சள் துணித் துண்டுகளை அரைத்தால் சாயம் சேர்க்காமலே மஞ்சள் காகிதம் கிடைக்கும். நொய்யலின் கதையை அறிந்த நமக்கு, மறுபடி சாயமிடத் தேவையில்லாத ஒரு பொருள் சிறிய காரியமல்ல.

நம் சகோதரிகள் வாங்கியது இந்தக் காகிதத்தின் ஓரத்துண்டுகளை. முழுத்தாளாக வாங்க விலை கட்டுப்படியாகவில்லை. வெட்டி மீந்தவை எடைக்குக் கிடைத்தன. மிச்சத்தின் மிச்சம் என்று சொல்லலாம். கத்தரிக்கோல் வேண்டாம்; மடிப்பின்மேல் ஈரத்தூரிகையால் ஒரு கோடு இழுத்து மெல்லக் கிழித்தால் பஞ்சுபோன்ற விளிம்பு வருகிறது. கரண்டியின் முதுகால் தேய்த்தால் மடிப்பு நிற்கிறது. மைதாப் பசை போதும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நூல் தீர்ந்த காகிதக் கோன்களைக் கொண்டுவந்தார்கள். அவை நறுக்கப்பட்டு மணிகளாயின. சட்டைகளில் மாட்டும் விலை அட்டைகளின் வெற்றுப்புறம் நட்சத்திரமாயிற்று. பனியன் துண்டை நீளவாட்டில் கத்தரித்து இழுத்தால் தானே குழலாய்ச் சுருண்டுகொள்ளும். அது முன்னணையின் வைக்கோலாயிற்று. சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். பிசிறு வெட்டும் அந்தத் தாயார்தான். கண் மங்கினாலும் விரல் மங்கவில்லை.

வாழ்த்து அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக ஓவியர் ஹார்ஸ்லி வரைந்ததே அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை. நடுவில் ஒரு குடும்பம் கோப்பை உயர்த்திக் களிக்கிறது. சிறுபிள்ளைக்கும் மது ஊட்டுகிறார்களே என்று மதுவிலக்குக்காரர்கள் சினந்தார்கள். நான் நின்று பார்த்தது இருபக்கத்து ஓரப் படங்களை. ஒன்றில் பசித்தவருக்கு உணவு கொடுக்கப்படுகிறது, மற்றதில் ஆடையில்லாதவருக்கு ஆடை. அட்டையின் விலையோ ஒரு ஷில்லிங். அன்றைய கூலியாள் வாங்கக்கூடிய விலை அல்ல அது. ஏழை படத்தின் ஓரத்தில் இடம்பெற்றார். வாங்குகிறவர்களின் வரிசையில் இடம்பெறவில்லை.

இங்கேதான் அந்தத் தாயாரின் கேள்வி என்னை மறுபடி பிடித்தது. குமரப்பா சிறையிலிருந்து நிலைத்திருக்கும் பொருளாதாரத்தைப் பற்றியும் இயேசுவின் போதனைகளைப் பற்றியும் எழுதினார். இரண்டு நூல்களும் 1945இல் வெளிவந்தன. அவர் எழுத்தில் திரும்பத்திரும்ப வரும் ஒரு கருத்து, வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது. ஒரு பொருள் மலிவாய்க் கிடைத்ததற்குக் காரணம் செய்தவரின் கூலி குறைக்கப்பட்டதே என்றால், அந்தக் குற்றத்தில் வாங்கியவருக்கும் பங்குண்டு என்று அவர் வாதிட்டார். ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பார்த்து இதைச் சொல்வது எனக்கு எளிது. பல முறை பிரசங்க பீடத்திலிருந்து சொல்லியும் இருக்கிறேன். அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனால் பிசிறு வெட்டுகிற பெண்கள் தங்கள் ஒரே ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து செய்த அட்டையை, கூலி என்ற பேச்சே இல்லாமல், மிஷனரி நிதிக்கு விற்க நானே அறிவிப்புக் கொடுத்தேன். அதை ஊழியம் என்று பெயரிட்டு அழைக்க எனக்குக் கூச்சமாய் இருக்கவில்லை.

லேவியராகமத்தை மறுபடி வாசித்தேன். வயலின் ஓரத்தை அறுக்காமலும், சிந்தின கதிரைப் பொறுக்காமலும் விட வேண்டும். அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. கவனியுங்கள், அது நிலக்காரன் இரங்கிக் கொடுக்கும் பிச்சை அன்று. பிரமாணம் கொடுத்த பங்கு. ரூத் போவாசின் வயலில் பொறுக்கியதும் அந்த உரிமையின்படியே. மாலையில் அதைத் தட்டி அளந்து, ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமையை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். மீந்ததைப் பொறுக்கியவளிடமிருந்து அதையும் வாங்கி நற்காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று போவாஸ் நினைத்ததாக வேதத்தில் இல்லை.

சபைக் கமிட்டியில் இதை வைத்தேன். ஒருமனதாய் முடிந்தது என்று எழுத ஆசைதான், அப்படி முடியவில்லை. "ஆண்டவருக்குச் செய்வதற்குக் கூலி கேட்கலாமா ஐயா?" என்று ஒரு மூத்த சகோதரர் வருந்தினார். அவர் வருத்தம் பொய்யானதல்ல; அவர் தம் வாழ்நாளெல்லாம் சபைக்கு இலவசமாய் உழைத்தவர். மற்றொருவர், கூலி கொடுத்தால் அட்டை விலை ஏறும், அச்சடித்த அட்டை அதைவிட மலிவு என்று கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கும் சரியானதே. இரண்டு மணி நேரம் பேசியபின் ஒரு முடிவுக்கு வந்தோம். அட்டை செய்கிறவர்களுக்குக் கம்பெனியில் அந்த நேரத்துக்குக் கிடைக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் முதலில் கொடுப்பது. காகிதச் செலவை அடுத்ததாய்க் கழிப்பது. மீதி இருந்தால் அது மிஷனரி நிதிக்கு. கூலி வேண்டாம் என்கிறவர், வாங்கிக்கொண்டு, விரும்பினால் தாமே காணிக்கைப் பெட்டியில் போடட்டும். எவ்வளவு என்று யாரும் பார்க்க வேண்டாம்.

இந்த ஆண்டு ஆகஸ்டு முதல் சனிக்கிழமை மாலைகளில் வேலை தொடங்குகிறது. வீட்டில் திருமண அழைப்பிதழ், காகிதக் கோன், விலை அட்டை மீந்திருந்தால் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பூசியது வேண்டாம், பசை பிடிக்காது. அட்டையின் விலை இம்முறை சற்று அதிகம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கமிட்டியின் முடிவை அந்தத் தாயாரிடம் தெரிவித்தபோது அவர் சிறிது யோசித்தார். பிறகு, "அப்பச் சரிங்க ஐயா. ஒரு அட்டைக்கு எத்தனை நிமிசம்னு நாளைக்கே பாத்துச் சொல்லிப்போடறேன்" என்றார். மறுநாள் தம் பேத்தியின் கைக்கடிகாரத்தோடு வந்தார்.